இடது பின் ஸ்பீக்கர் மட்டும் மெலிதாகக் கேட்டால்

யாழ்ப்பாணம் குருநகரில் உள்ள உங்கள் கடலோர வீட்டில், ஹோம் தியேட்டரின் இடது பின் ஸ்பீக்கர் மட்டும் மெலிதாகக் கேட்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ரிசீவரை (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டியை) அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, பின் ஸ்பீக்கர்கள் இரண்டின் வயர்களையும் ரிசீவர் பக்கத்தில் மட்டும் இடம் மாற்றிச் செருகுங்கள். பிறகு ரிசீவரை மீண்டும் இயக்கி, சோதனை ஒலியை (ஸ்பீக்கர்களில் ஒவ்வொன்றாக ஒலிக்கும் சத்தத்தை) ஓடவிடுங்கள். அப்போதும் அதே இடது ஸ்பீக்கர் மெலிந்திருந்தால் கோளாறு ரிசீவரில் இல்லை, ஸ்பீக்கரிலோ வயரிலோ அறையிலோதான். மெலிவு வலப்பக்கம் தாவினால் ரிசீவரின் இடது பின் சேனலை (அந்த ஸ்பீக்கருக்கான ஒலிவழியை), முதலில் அதன் ஒலியளவு அமைப்பைப் பாருங்கள். படம் போட்டுச் சோதிக்காதீர்கள். பல காட்சிகளில் பின்பக்கம் மௌனமாகவே இருக்கும்.

வீடு கடலோரத்தில் இருப்பதால், என் சந்தேகம் வயர் முனையில்தான். உப்புக் காற்றில் செப்பு கறுத்தோ பச்சை படிந்தோ போயிருக்கும். கறுத்த பகுதியை வெட்டி, ஒரு சென்டிமீற்றர் அளவுக்குப் புதிதாகத் தோலுரித்து, இழைகளை இறுக முறுக்கிச் செருகுங்கள். ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் பழுதாகலாம்.

ஸ்பீக்கரும் வயரும் சரியென்றால் அறையைக் கவனியுங்கள். இடப்பக்கம் விறாந்தைக்குத் திறந்திருந்தால் அந்தப் பக்கத்து ஒலி வெளியே போய்விடும். வலப்பக்கச் சுவரோ திருப்பி அனுப்பும். வழக்கமாக உட்காரும் இடத்தில், காது உயரத்தில் கைப்பேசியின் ஒலிமானிச் செயலியைப் பிடித்து, எல்லாச் சேனல்களும் ஒரே டெசிபல் காட்டும்வரை அளவைத் திருத்துங்கள். கைப்பேசி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் போதும். இடது சேனலை 5 டெசிபலுக்கு மேல் ஏற்ற வேண்டிவந்தால், திரும்பவும் வயரைச் சந்தேகியுங்கள்.