ருமேனியாவில் மழலையர் பள்ளி ஆசிரியையின் வேலை சுலபமானதா?

“மாண்டிசோரிப் பயிற்சி முடித்த என் மனைவிக்கு ருமேனியாவில் வேலை கிடைக்குமா? பிள்ளைகளோடு விளையாடும் சுலபமான வேலைதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிமித்தம் நீங்கள் முன்னதாக இங்கு வந்து, குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் யோசனையில் இருப்பதாக ஊகிக்கிறேன். முதல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவதைக் கடந்து செல்ல என்னால் முடியவில்லை. என் மனைவி ருமேனியர், கிளுஜ் நகரத்து அரசு மழலையர் பள்ளி ஒன்றில் ஆசிரியை.

3 வயது முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளி இங்கே ‘கிரதினிட்சா’. முழுநாள் பள்ளிகளில் ஒரு குழுவுக்கு இரண்டு ஆசிரியைகள். ஒருவர் காலையிலும் மற்றவர் நண்பகலுக்குப் பிறகும் பொறுப்பேற்பார்கள். காலையில் செவிலியர் தொண்டையையும் கைகளையும் பார்த்த பின்னரே பிள்ளை வகுப்புக்குள் போகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 மணி நேரம் என்பதால் ஊர் இதைப் பாதி நாள் வேலை என்கிறது. அந்த 5 மணி நேரமும் பிள்ளைகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது என்பதும், வசந்தத்தை வரவேற்றுச் சிவப்பு, வெள்ளை நூல் முறுக்கிப் பரிசளிக்கும் மார்ச் 1-ஆம் தேதி மர்த்திஷோர் திருநாளுக்காகப் பிப்ரவரி இரவுகளில் எங்கள் சாப்பாட்டு மேசை முழுவதும் சிவப்பு, வெள்ளை நூல்கள் பரவிக் கிடக்கும் என்பதும் அந்தக் கணக்கில் சேராது. நானும் உட்கார்ந்து நூல் முறுக்கியிருக்கிறேன்.

தேர்வுகள் தனிக்கதை. பணி உறுதிக்கு ஒரு தேர்வு, நிரந்தர இடத்துக்குப் போட்டித் தேர்வு, பிறகு பொதுவாக நான்கு ஆண்டுகள் கழித்து ஆசிரியர் தகுதியில் இரண்டாம் நிலை, மேலும் நான்கு ஆண்டுகள் கழித்து அதைவிட உயர்ந்த முதல் நிலை. முதல் நிலைக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அத்துடன் ஆய்வுக் குழுவினர் வகுப்புக்கே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். என் மனைவியின் முறை வந்தபோது, பனித்துளிப் பூவை வைத்து எண்ணச் சொல்லித்தரும் பாடத்தை வாரக்கணக்கில் தயாரித்திருந்தார். பெரியவர்கள் பின்வரிசையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மார்பைத் தொட அமர்ந்திருக்க, பாடத்தின் நடுவே ஒரு பையன் எழுந்து போய், குழுவிலிருந்த அம்மையாரிடம் “நீங்கள் யாருடைய பாட்டி?” என்று கேட்டுவிட்டான். மனைவி பதறாமல், “பாட்டியிடம் உன் பூக்களை எண்ணிக் காட்டு” என்று அவனை அங்கேயே பாடத்துக்குள் இழுத்துக்கொண்டார். அவன் ஏழு வரை பிழையின்றி எண்ணினான். இதை விளையாட்டு என்று சொல்பவர்கள் ஒருநாள் அந்த அறையில் நின்று பார்க்கட்டும்.

மனைவியைப் புகழ்கிறேன் என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதக்கூடும், எழுதட்டும். என் மாமியாரும் இதே தொழிலில்தான் இருந்தார். 1980-களில் அவருடைய வகுப்புக் குழந்தைகள் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்து, 4 முதல் 7 வயதினருக்காக 1976-இல் தொடங்கப்பட்ட ‘தாய்நாட்டின் பருந்துகள்’ அமைப்பில் உறுப்பினர்களாக இருந்தார்கள். அப்போது ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அதன் தலைவர் சௌஷெஸ்குவுக்கும் புகழ்பாடும் பாடல்களைக் கற்றுத்தருவது அன்று ஆசிரியையின் கடமை. அந்த நாள்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்று ஊரில் தமக்கு மரியாதை இருந்தது என்று அவர் சொல்வதை மறுக்கவும் எனக்குத் தெரியவில்லை.

2023 மே 22-இல் தொடங்கி மூன்று வாரம் நாடு முழுவதும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எங்கள் கட்டடத்துக்காரர் ஒருவர், “பொம்மை பொறுக்கி வைப்பதற்கு இன்னும் எவ்வளவு சம்பளம்?” என்று மின்தூக்கியில் கேட்டார். புதிதாகச் சேரும் ஆசிரியரின் சம்பளம் நாட்டின் சராசரிச் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தது என்பதுதான் அந்தப் போராட்டத்தின் மையம். மின்தூக்கியில் அப்படிக் கேட்டவருடைய மகளே என் மனைவியிடம் படித்தவள் என்பதால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் “ஆயா வேலைதானே” என்னும் என் சித்தப்பாவும் இதற்குக் குறைந்தவர் அல்லர். ஆயாக்களை நான் இழிவாகச் சொல்லவில்லை; இங்கேயும் அவர்கள் இல்லாமல் பள்ளி நடக்காது.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அரசுப் பள்ளிக்கு இத்துறைக்கென உள்ள கல்வியியல் படிப்பும், தேர்வு எழுதும் அளவுக்கு ருமேனிய மொழியும் வேண்டும். மாண்டிசோரிச் சான்றிதழ் மட்டும் போதாது. கிளுஜிலும் புக்கரெஸ்டிலும் ஆங்கிலவழித் தனியார் மழலையர் பள்ளிகள் உண்டு, அங்கே முயலலாம். அங்கும் புதிதாகச் சேர்ந்த குழந்தை செப்டம்பரில் அழுவது பெரும்பாலும் ருமேனிய மொழியில்தான் என்பதால், விசா வரும் வரை காத்திராமல் மொழி வகுப்பில் இப்போதே சேரச் சொல்லுங்கள்.