ஆர்டிசோக் ராஜா

கேள்வி: நியூயார்க் நகர மேயர் ஒருவர், ஒரு காயை யாரும் விற்கவே கூடாது என்று தடை போட்டதாகவும், அதற்குக் காரணம் மாஃபியா கும்பலைச் சேர்ந்த ஒருவர் என்றும் எங்கோ படித்தேன். இது உண்மையா? யார் அந்த ஆள்?
– வாசகர், சேலம்

பதில்: உண்மைதான். அந்தக் காய் ஆர்டிசோக். அந்த ஆள் சிரோ டெரனோவா. அல் கபோன், லக்கி லூசியானோ போன்ற மாஃபியாத் தலைவர்களின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் வெளியே தெரியாது. ஆனால் 1920களில் நியூயார்க் பத்திரிகைகள் இவரை ‘ஆர்டிசோக் ராஜா’ என்றே எழுதின.

மாஃபியாவுக்குப் பேர்போன, சிசிலித் தீவின் கோர்லியோனே ஊரில் 1888இல் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது. லூசியானாவில் கரும்புத் தோட்டத்திலும், டெக்சாஸில் பருத்திக் காட்டிலும் கூலி வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் நியூயார்க் திரும்பி, இத்தாலியர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்கு ஹார்லெம் பகுதியில் நிலைகொண்டது. அங்கே 116ஆவது தெருவை மையமாகக் கொண்டு ஆட்சி செலுத்திய ஜுசெப்பே மொரெல்லோ, டெரனோவாவுக்கு ஒரே தாய் வயிற்று அண்ணன். தந்தை மட்டும் வேறு. சகோதரி சால்வத்ரிச்சேயின் கணவர் ‘ஓநாய்’ என்று பெயரெடுத்த லூப்போ. அதாவது, டெரனோவா தேடிப் போய்க் கும்பலில் சேரவில்லை. அவருடைய குடும்பமே கும்பலாக இருந்தது.

கள்ள நோட்டு அச்சடித்த வழக்கில் மொரெல்லோவும் லூப்போவும் பிடிபட்டு, 1910இல் முறையே 25, 30 ஆண்டு தண்டனை பெற்று அட்லாண்டா சிறைக்குப் போனார்கள். பொறுப்பு தம்பிமார் தலையில் விழுந்தது. அவர்களில் நிக்கோலா 1916 செப்டம்பரில், சமாதானப் பேச்சு என்று நம்பிப் புரூக்ளின் போன இடத்தில், நேப்பிள்ஸ் வழிவந்த எதிர்க் கும்பலால் சுடப்பட்டார். வின்சென்சோ 1922 மே மாதம் 116ஆவது தெருவிலேயே கொல்லப்பட்டார். எஞ்சியவர் சிரோ.

கேள்வி: தங்கம், சாராயம் என்றால் புரிகிறது. ஒரு காயை வைத்துக் கொள்ளையடிப்பது எப்படிச் சாத்தியம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: எந்தக் காயை வைத்தும் முடியாது, ஆர்டிசோக்கை வைத்து முடிந்தது. தாமரை மொட்டைப் போலச் செதில் செதிலாக மூடிக்கொண்டிருக்கும் இந்தக் காய், இத்தாலியக் குடும்பங்களின் சமையலில் தவிர்க்க முடியாதது, அதிலும் சிறு ரகத்துக்குக் கிராக்கி அதிகம். அமெரிக்காவில் அது விளைந்ததோ பெரும்பாலும் கலிபோர்னியாவின் காஸ்ட்ரோவில், ஹாஃப் மூன் பே போன்ற கடலோரக் குளிர்ப் பகுதிகளில் மட்டுமே. நாட்டின் மேற்குக் கரையில் பறித்ததை ரயிலேற்றிக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். விளையும் இடம் ஒன்று, வந்து இறங்கும் சந்தைகள் சில, வாங்குபவர்களோ விலை ஏறினாலும் விடாதவர்கள். இந்த மூன்றும் சேர்ந்த சரக்கு கிடைத்தால், நடுவில் நிற்பவன் வைத்ததுதான் விலை.

டெரனோவா அந்த நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டார். வரும் பெட்டிகளைத் தன் நிறுவனத்தின் பெயரில் வாங்கி, ஒரு பெட்டிக்கு 6 டாலர் கொடுத்ததாகவும், அதன் மேல் 30 முதல் 40 சதவீதம் வரை ஏற்றி விற்றதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. வேறு யாரிடமும் வாங்க முடியாதபடி, மண்டிக்காரர்களையும் தள்ளுவண்டிக்காரர்களையும் அவருடைய ஆட்கள் மிரட்டி வைத்திருந்தார்கள். ஒத்துவராத விவசாயிகளின் வயல்களில் இரவோடு இரவாகச் செடிகள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. அழுகும் சரக்கைக் கையில் வைத்திருப்பவன் வழக்குப் போட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்க மாட்டான் என்பதே இந்தத் தொழிலின் சூட்சுமம்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது, பணம் கொடுத்தவர்கள் யார் என்பதுதான். பணக்கார அமெரிக்கர்கள் இந்தக் காயை அதிகம் சீண்டவில்லை. டெரனோவாவைப் போலவே கப்பலேறி வந்து, அவர் தெருவிலேயே குடியிருந்த ஏழைக் குடும்பங்கள்தான் ஒவ்வொரு காய்க்கும் அவருக்குக் கப்பம் கட்டின.

கேள்வி: இத்தனை நடந்தும் போலீஸ் அவரைப் பிடிக்கவில்லையா?
– வாசகர், கோவை

பதில்: பிடித்தார்கள், நிலைநிறுத்த முடியவில்லை. சூதாட்ட விடுதி நடத்திய ஜோ டிமார்கோ என்பவர் 1916இல் கொல்லப்பட்ட வழக்கில் டெரனோவா 1918இல் கூண்டில் ஏறினார். எதிர்க் கும்பலிலிருந்து அப்ரூவராக மாறியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஆனால் நியூயார்க் மாநிலச் சட்டப்படி, குற்றத்தில் பங்குகொண்டவரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. வேறு சான்று அதை உறுதிப்படுத்த வேண்டும். அது இல்லாததால் விடுதலையானார்.

1929 டிசம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. பிராங்க்ஸ் பகுதி உணவகம் ஒன்றில் மாஜிஸ்திரேட் ஆல்பர்ட் விட்டாலேயைப் பாராட்டி விருந்து நடந்தது. விருந்தினர்களில் டெரனோவாவும் ஒருவர், போலீஸ் துப்பறிவாளர் ஒருவரும் உண்டு. துப்பாக்கியுடன் நுழைந்த கும்பல், பணம் நகைகளோடு அந்தத் துப்பறிவாளரின் துப்பாக்கியையும் பறித்துக்கொண்டு போனது. சில மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்துக் கொடுத்தார்! எப்படி என்ற கேள்வி எழாமல் இருக்குமா? கிளறியபோது, சூதாட்டப் பெரும்புள்ளி ஆர்னால்டு ரோத்ஸ்டீனிடம் அவர் 19,940 டாலர் கடன் வாங்கியிருந்ததும் வெளிவந்து, 1930இல் பதவி பறிபோனது. கொலைக்குக் கூலி பேசித் தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தாளை மீட்கவே டெரனோவா இந்தக் கொள்ளையை ஏற்பாடு செய்தார் என்று போலீஸ் தரப்பு ஒரு கதை சொன்னது. கோர்லியோனேயில் பிறந்த ஒருவர் கொலைக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் நீதிபதியும் போலீஸும் டெரனோவாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. உங்கள் கேள்விக்கு அதிலேயே பாதி விடை இருக்கிறது.

கேள்வி: 1931இல் நியூயார்க் மாஃபியாத் தலைவர் ஜோ மசேரியா கொல்லப்பட்டபோது காரை ஓட்டியவர் டெரனோவாதான் என்றும், பயத்தில் கை நடுங்கி வண்டியைக் கிளப்ப முடியாமல் தவித்தார் என்றும் சொல்கிறார்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பிற்காலத்தில் பரவிய கதை. ஆதாரம் கிடையாது. அவரைக் கோழை என்று காட்டுவது அவர் இடத்தைப் பிடித்தவர்களுக்கு வசதியாக இருந்தது.

கேள்வி: அப்படியானால் அவரை வீழ்த்தியது யார்? அந்தத் தடையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தடைக்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. சிறையிலிருந்து வெளியே வந்திருந்த அண்ணன் மொரெல்லோ 1930 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு மசேரியாவும் போன பிறகு, லூசியானோ தலைமையில் எழுந்த புதிய ஏற்பாட்டில் டெரனோவா பழைய ஆளாகிவிட்டார். எண்களின் மேல் பந்தயம் கட்டும் ஹார்லெமின் நம்பர் சூதாட்டத்தில் பெரும்பங்கை டச்சு ஷுல்ட்ஸ் என்ற கும்பல் தலைவர் கைப்பற்றியிருந்தார். 1935 அக்டோபரில் ஷுல்ட்ஸ் கொல்லப்பட்டபோது அந்த வருமானம் டெரனோவாவிடம் திரும்பி வரவில்லை. ‘டிரிகர் மைக்’ கொப்போலா என்ற மாஃபியா ஆளிடம் போனது.

இந்த நிலையில்தான் மேயர் லா கார்டியா களத்தில் இறங்கினார். அவரும் இத்தாலியக் குடியேறியின் மகன். கிழக்கு ஹார்லெமின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் இருந்தவர். அந்தத் தெருக்களின் காய்கறி விலை அவருக்குத் தெரியும். 1935 டிசம்பர் 21 அன்று விடிகாலை, கடுங்குளிரில் பிராங்க்ஸ் மொத்தச் சந்தைக்கு வந்து, எக்காளம் ஊதச் செய்து வியாபாரிகளைக் கூட்டி, சிறு ஆர்டிசோக்கை விற்பதும் கடையில் பரப்புவதும் கையில் வைத்திருப்பதும் தடை என்று அறிக்கை படித்தார். நெருக்கடி காலத்தில் உணவுப் பொருள் விநியோகத்தை நிறுத்த மேயருக்கு இருந்த, எல்லோரும் மறந்துபோயிருந்த ஓர் அதிகாரத்தைத் தேடிப் பிடித்து வந்திருந்தார். தமக்கும் அந்தக் காய் மிகவும் பிடிக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். விலை இறங்கியது, சில நாட்களில் தடையும் நீங்கியது. சட்ட நோக்கில் பார்த்தால் இது கொஞ்சம் நாடகம்தான். ஆயினும் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியும் வாய்திறக்காத இடத்தில், அந்த நாடகம் வேலை செய்தது.

இன்னோர் அவமானமும் உண்டு. நகர எல்லைக்கு வெளியே பெல்ஹாம் மேனரில் பெரிய வீட்டில் வாழ்ந்த டெரனோவா, நியூயார்க்குக்குள் காலெடுத்து வைத்தால் ‘பிழைப்புக்கு வழியற்றுத் திரிபவர்’ என்ற பிரிவில் கைது செய்யப்பட வேண்டும் என்று போலீஸ் ஆணையர் வாலன்டைன் உத்தரவிட்டிருந்தார். பக்கவாதம் தாக்கி, 1938 பிப்ரவரி 20 அன்று, மன்ஹாட்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். வயது 49.