3ப என்பது ஏன் 34 இல்லை?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: இயற்கணிதக் கோவையில் (3ப + 2 போல எண்ணும் எழுத்தும் சேர்ந்து வருவது) எழுத்து இருக்கும் இடத்தில் எண்ணைப் பிரதியிடும் இடம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் நான் அதிகம் திருத்திய இடமும் அதுதான்.

டீச்சர், எக்ஸ், ஒய் என்று பார்த்தாலே பயமாக இருக்கிறது. தமிழ் எழுத்தை மாறியாக வைத்துக்கொள்ளலாமா? (பத்தாம் வகுப்பு மாணவர், வேலந்தாவளம்)

தாராளமாக வைத்துக்கொள்ளலாம் தம்பி. எழுத்து ஒரு காலி இடத்துக்கு நாம் வைக்கும் பெயர், அவ்வளவுதான். தெரியாத எண்களுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று கடைசி எழுத்துகளை வைக்கும் வழக்கம் 1637-இல் பிரான்சின் கணித அறிஞர் தெக்கார்த்தேயால் பரவியது. அதற்கு முன் 1591-இல் வியெத் என்ற இன்னொரு கணித அறிஞர் தெரியாதவற்றுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் வைத்தார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 12-ஆம் நூற்றாண்டில் நம் பாஸ்கரர் முதல் மாறியை 'யாவத்தாவத்' என்று சொல்லி 'யா' என்று சுருக்கினார். அடுத்தவற்றுக்கு நிறங்களின் பெயர்: காலகம் என்ற கறுப்புக்கு 'கா', நீலகத்துக்கு 'நீ'. அவருடைய நூலின் பெயர் பீஜகணிதம். பக்கத்து வகுப்பு மலையாளப் பிள்ளைகள் இயற்கணிதத்தை இன்றும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. க, உ, எ, அ போன்றவை பழைய தமிழ் எண்கள். க என்றால் 1, அ என்றால் 8. அவற்றை விட்டுவிட்டு ப, ம என்று வைத்துக்கொள். இந்தப் பகுதி முழுக்க நானும் அப்படித்தான் எழுதுகிறேன். பரீட்சையில் மட்டும் வினாத்தாள் எந்த எழுத்தைத் தருகிறதோ அதையே எழுது.

என் மகன் ஆறாம் வகுப்பு. 3ப-வில் ப = 4 என்றால் 34 என்று எழுதுகிறான். எத்தனை முறை சொன்னாலும் மறுபடியும் அதே. (ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை)

அம்மா, பையனைத் திட்டாதீர்கள். அவன் இதுவரை படித்ததைத்தான் எழுதுகிறான். இரண்டு இலக்கம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இடமதிப்பு என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிவிட்டோம். 34-இல் உள்ள 3 முப்பது. அப்புறம் 2½ என்று எழுதி, இது 2-உம் ½-உம் கூட்டியது என்றோம். இப்போது 3ப என்று எழுதிவிட்டு, இங்கே பக்கத்தில் நிற்பது பெருக்கல் என்கிறோம். ஒரே மாதிரி எழுதுவதற்கு மூன்று அர்த்தம். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பழக்கம்: எழுத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் வெறும் அடைப்புக்குறியை மட்டும் போடச் சொல்லுங்கள். 3ப என்பது 3( ) ஆகும். அதற்குள் 4-ஐ வைத்தால் 3(4). இதை யாரும் முப்பத்து நான்கு என்று படிக்க மாட்டார்கள். இரண்டு வாரம் இப்படி எழுதினால் போதும், கை பழகிவிடும்.

ப = −3 என்றால் ப² + 2ப என்ன? எனக்கு −15 வந்தது, தோழிக்கு 3. ஃபோனில் −3² போட்டேன், −9 என்றுதான் காட்டுகிறது. (எட்டாம் வகுப்பு மாணவி, கோவிந்தாபுரம்)

தோழி சொன்னதுதான் சரி, கண்ணு. ஆனால் ஃபோனும் பொய் சொல்லவில்லை. நீ கேட்டது வேறு கேள்வி.

அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று எழுதினால், கணக்கு வழக்கப்படி அடுக்கு முதலில்: 3-ஐ வர்க்கமாக்கி 9, பிறகு முன்னால் உள்ள குறைக் குறியைச் சேர்த்து −9. ஆனால் ப² என்பது 'ப முழுவதையும் ப-ஆல் பெருக்கு' என்று சொல்கிறது. ப-வின் மதிப்பு −3. அந்தக் குறையும் மதிப்பின் ஒரு பாகம், வாசலிலேயே விட்டுவிட்டு வர முடியாது. அதனால் (−3)² = (−3) × (−3) = 9. முழுக் கோவை: (−3)² + 2(−3) = 9 − 6 = 3.

இதையே கொஞ்சம் திருப்பிப் பார். −ப² கேட்டால்? −(−3)² = −9. 7 − ப கேட்டால்? 7 − (−3) = 10; இங்கே அடைப்பு இல்லாமல் எழுதினால் பாதிப் பேர் 4 என்று முடித்துவிடுவார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எக்செல் விரிதாளில் =-3^2 என்று அடித்தால் 9 வரும்; பெரும்பாலான அறிவியல் கால்குலேட்டர்களில் −9 வரும். குறையை முதலில் எடுப்பதா, அடுக்கை முதலில் எடுப்பதா என்பதில் கருவிகளே ஒத்துப்போவதில்லை. (-3)^2 என்று அடைப்போடு கொடுத்தால் எல்லாக் கருவியும் 9 என்றே சொல்லும்.

12/(ப − 3)-இல் ப = 3 போட்டால் விடை 0 தானே? (மாணவர், மீனாட்சிபுரம்)

இல்லை. கீழே 0 வருகிறது; 0-ஆல் வகுக்க முடியாது, ஆகவே ப = 3-க்கு இந்தக் கோவைக்கு மதிப்பே கிடையாது. மேலே 0 வந்து கீழே வேறு எண் இருந்தால்தான் விடை 0.

பால் சங்கத்தில் எஸ்.என்.எஃப் (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8.16 என்று சீட்டு தருகிறார்கள். சங்கத்தில் கேட்டபோது லா/4 + 0.2கொ + 0.36 என்று எழுதிக் கொடுத்தார்கள். லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 28, கொழுப்பு 4 சதவீதம். நான் போட்டால் 7.29 வருகிறது. ஏமாற்றுகிறார்களா? (மாடு வளர்ப்பவர், எருத்தேம்பதி)

இல்லை ஐயா, சீட்டு சரிதான். நீங்கள் 28 + 0.8 + 0.36 என்று மொத்தமாகக் கூட்டிவிட்டு 4-ஆல் வகுத்திருக்கிறீர்கள். வகுத்தல் லாக்டோமீட்டர் அளவுக்கு மட்டும்: 28/4 = 7. அதோடு 0.2 × 4 = 0.8, அப்புறம் 0.36. மொத்தம் 8.16. (கடைசியில் வரும் 0.36 போன்ற நிலையான எண் இடத்துக்கு இடம் வேறுபடும். உங்கள் சங்கத்தில் எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.)

சூத்திரம் கையில் இருப்பதால் இன்னொன்றும் பார்க்கலாம். லாக்டோமீட்டர் 28-லிருந்து 26-க்கு இறங்கினால் எஸ்.என்.எஃப் 2/4, அதாவது 0.5 குறைகிறது. கொழுப்பு அரை சதவீதம் ஏறினால் கூடுவது வெறும் 0.1. பாலில் தண்ணீர் சேர்ந்தால் சீட்டில் அது ஏன் உடனே தெரிகிறது என்பதற்கு அந்த 4-உம் 0.2-உம் பதில் சொல்கின்றன. நீங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இரண்டு கோவைகள் சமமா என்று பார்க்க எண்களைப் பிரதியிட்டால் போதுமா? எத்தனை எண்கள்? (டியூஷன் எடுக்கும் பெண், சித்தூர்)

தவறு என்று காட்ட ஒரே ஒரு எண் போதும். (ப + ம)² = ப² + ம² என்று எழுதும் பிள்ளையிடம் ப = 3, ம = 4 போடச் சொல்லுங்கள்: இந்தப் பக்கம் 49, அந்தப் பக்கம் 25. வாதமே வேண்டாம். ஆனால் 0, 1, 2 ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். 0 எதையும் மறைத்துவிடும். 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1. 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4 என்பதால் தப்பும் சரிபோலத் தெரியும்.

சரி என்று நிறுவுவது வேறு. அதற்கு விரித்து எழுதிக் காட்டத்தான் வேண்டும். பிரதியிட்டுப் பார்த்தது நிரூபணம் ஆகாது. ஆய்லர் என்ற கணித மேதையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கோவை இருக்கிறது: ப² + ப + 41. ப = 0 போட்டால் 41, 1 போட்டால் 43, 2 போட்டால் 47, எல்லாம் பகா எண்கள். வகுப்பில் ஆளுக்கொரு எண் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். 39 போட்டால் 1601, அதுவும் பகா எண். தொடர்ந்து நாற்பது முறை சரியாக வந்ததைப் பார்த்த பிள்ளைகள் இது என்றைக்கும் பகா எண்தான் என்று சத்தியம் செய்வார்கள். அப்போது 40-ஐப் போடச் சொல்லுங்கள். 1600 + 40 + 41 = 1681, அது 41 × 41.