"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" "ஒன்னுமில்ல": பெற்றோர் கேட்டவையும் டீச்சர் பதில்களும்

கேள்வி (மதுரை சிம்மக்கல், மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா): வீட்டு வாசலை மிதிச்சதும் "இன்னைக்கு என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா, தினமும் "ஒன்னுமில்ல"ங்கிறான் டீச்சர்.

பதில்: வாசலில் கேட்காதீர்கள். முதல் அரை மணி நேரம் கேள்வியே வேண்டாம். தண்ணீர், மாற்றுத் துணி, ஒரு தம்ளர் பருத்திப்பால் போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கு முழு நாளையும் சுருக்கிச் சொல்ல வராது, அதனால்தான் "ஒன்னுமில்ல." துண்டு துண்டாகக் கேளுங்கள்: "காலையில பொங்கலா, கிச்சடியா?" "பக்கத்துல யாரு உக்காந்தா?" "இன்னைக்கு மிஸ் யாரைத் திட்டினாங்க?" பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்தவன் கதையில் ஆரம்பித்துத்தான் தன் கதைக்கு வரும். ஒரு நாளைக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். கேட்டதும் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் இடையில் புகுந்தால் வந்த பேச்சும் நின்றுவிடும். "பென்சிலைப் பிடுங்கிட்டான்" என்றால், "பிடுங்கிட்டானா?" என்று மட்டும் திருப்பிச் சொல்லுங்கள், மிச்சம் தானாக வரும். "நீ ஏன் மிஸ்கிட்ட சொல்லல?" என்று கேட்டால், தப்பு தன்மேல் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

கேள்வி (ஆனையூர்): எம் பொண்ணும் "ஒன்னுமில்ல"ன்னுதான் சொல்றா.

பதில்: மேலே சொன்னதுதான். வாசலில் கேட்காதீர்கள்.

கேள்வி (அனுப்பானடி, எட்டாம் வகுப்புப் பையனின் அப்பா): முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறான்.

பதில்: முகம் பார்க்காத இடமாகத் தேடுங்கள். வண்டியில் பின்னால் வரும்போது, வெங்காயம் உரிக்கும்போது, விளக்கணைத்துப் படுத்த பத்து நிமிடம். மார்க் பேச்சை அங்கே கொண்டுவராதீர்கள்.

கேள்வி (மேலூர், ஒரு தாத்தா): வாத்தியார் ரெண்டு போட்டாருன்னு பேரன் சொல்றான். அதைக் காதுல வாங்கினா பிள்ளை கெட்டுப்போகாதா?

பதில்: ஐயா, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. அதைவிட முக்கியம், அவன் உங்களிடம் வந்து சொன்னது. "நீ என்ன சேட்டை பண்ணின?" என்று கேட்டுவிட்டால், நாளை இதைவிடப் பெரிய விஷயம் நடந்தாலும் வாய் திறக்க மாட்டான்.

கேள்வி (அதே தாத்தா): அடியாத மாடு படியாதும்மா.

பதில்: அடித்த மாடு படியும் ஐயா, ஆனால் எங்கே வலிக்கிறது என்று வந்து சொல்லாது. பேரன் சொல்ல வேண்டும் என்பதுதான் நமக்கு வேண்டியது.

கேள்வி (உசிலம்பட்டி, ஓர் அம்மா): அப்ப உடனே போயி வாத்தியாரைச் சட்டையைப் பிடிக்கணும்ல?

பதில்: அதுவும் வேண்டாம்மா. மறுநாள் வகுப்பே திரும்பிப் பார்க்கும். 'இனிமே அம்மாகிட்ட சொல்லக்கூடாது' என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்: "நான் பேசட்டுமா? எப்படிப் பேசினா உனக்கு நல்லா இருக்கும்?" பிறகு வகுப்பாசிரியரைப் பள்ளி விட்டபின் தனியாகப் பாருங்கள், நடந்த தேதியோடு. சரியாகவில்லையா, தலைமையாசிரியர். அங்கும் சரியாகவில்லையா, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள், அது சாயங்காலத்துக்குள் பிள்ளை காதுக்கே வந்துவிடும்.

கேள்வி (கூடல்நகர்): தண்ணி பாட்டில் தினமும் அப்படியே திரும்பி வருது. கேட்டா தாகமே இல்லைங்கிறா.

பதில்: பாத்ரூமுக்குப் பயந்து குடிக்காமல் இருக்கலாம். "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கா? தண்ணி வருதா? தனியா போவியா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடக்கி வைத்தால் சிறுநீரில் கிருமித் தொற்று வரலாம், எரிச்சல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது இரண்டையும் இதே கவனத்தோடு பாருங்கள்.

கேள்வி (திருமங்கலம்): "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா"ங்கிறா.

பதில்: சத்தியம் பண்ணாதீர்கள். "உன்னைப் பத்திரமா பாத்துக்க யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். "அவர் தொட்டாரா?" என்று நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது, "அப்புறம்?" போதும். தப்பான தொடுதல் என்று தெரிந்தால், அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதிவையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அன்றே பேசுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், பள்ளி பேர் கெடும் என்று யார் தடுத்தாலும்.

கேள்வி (வில்லாபுரம்): வேன்ல இருந்து இறங்கினதும் கேட்டா "ஒன்னுமில்ல"...

பதில்: இறங்கினதும் கேட்காதீர்கள் என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். முதல் பதிலைப் படித்துவிட்டு ஒரு வாரம் செய்து பாருங்கள்.

கேள்வி (மாட்டுத்தாவணி): வீட்டுல வாய் ஓயாது. ஸ்கூல்ல ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேசலைன்னு மிஸ் சொல்றாங்க.

பதில்: இது வேறு விஷயம், பிடிவாதம் இல்லை. பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், பெரியாஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை) மனநலப் பிரிவில் காட்டுங்கள்.