4000 யூரோவில் கைக்கு எவ்வளவு வரும்?

தம்பி, பல்லடத்திலிருந்து ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வரப்போகிறேன், மாசம் 4000 யூரோ பேசியிருக்கிறார்கள், பிடித்தம் போக எவ்வளவு நிற்கும், குளிருக்கு என்ன வாங்கி வரணும், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தாய். கோட்டு இங்கேயே வாங்கிக்கொள். அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் கிடைக்கிறது, சமைக்கத் தெரிந்தால் போதும். சம்பளக் கணக்கைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், அதில் நான் பட்டது போதும்.

அவர்கள் சொன்னது புரூட்டோ, அதாவது பிடித்தத்துக்கு முந்தின சம்பளம். அதை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை முதலில் நிறுத்து. பென்ஷனுக்கு 9.3 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கு 7.3, அதன்மேல் அந்தந்தக் காப்பீட்டு நிறுவனம் போடும் கூடுதலில் பாதி, வேலையில்லாக் காப்பீடு 1.3, அப்புறம் முதியோர் பராமரிப்புக் காப்பீடு. 23 வயது தாண்டிப் பிள்ளை இல்லை என்றால் அதிலும் கொஞ்சம் கூடுதல். இவற்றிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், வருமான வரி தனி. தனியாளுக்கு முதலாம் வரி வகுப்பு, ஆகக் கையில் 2600 யூரோ பக்கம் வரும். கல்யாணமானால் மூன்றாம் வகுப்பு, வரி குறையும் என்று யாராவது சொல்வார்கள். மனைவி ஊரில் இருக்கும்வரை அது கிடையாது, அவரும் இங்கே வந்து நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யணும். பதியும்போது மதம் கேட்பார்கள். நம்ம கோயமுத்தூர்ப் பையன் ஒருவன் யோசிக்காமல் கத்தோலிக்கர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வரியின்மேல் 8 சதவீதம் சர்ச் வரி விழுந்ததும் முழித்தான்.

இதெல்லாம் தெரிந்த கணக்கு. என்னைக் கவிழ்த்தது ஒரு தபால் பெட்டி.

2016-இல் வந்தேன், 3600 யூரோ சம்பளம். அதை நம்பி, கிளம்பும் முன்னாலேயே கோபியில் மாசம் 25,000 ரூபாய் ஏலச்சீட்டு ஒன்றில் சேர்ந்திருந்தேன். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிந்தாயிற்று. பதிந்தால் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வரவே இல்லை. அது இல்லாததால் கம்பெனியில், வரி அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வகுப்பில் போட்டுப் பிடித்தார்கள், முதல் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. விசாரித்தால், கடிதம் வந்து திரும்பிப் போயிருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர், கடிதம் அந்தப் பெயருக்கு வந்திருக்கிறது. பெட்டியில் நான் ஒட்டியிருந்ததோ என் பெயரை மட்டும். அப்பா கோபியில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்க, இங்கே தபால்காரர் அவரைத் தேடியிருக்கிறார்! ஆகவே சாவி வாங்கிய அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரை எழுதி ஒட்டிவிடு.

கூடுதலாகப் பிடித்தது பின்னால் வந்துவிட்டது. கம்பெனி திருத்தாவிட்டாலும் வருஷக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும், நான்கு வருஷம் வரை அவகாசம் உண்டு. ஆனால் சம்பளம் குறைந்து வந்த இரண்டு மாசத்துச் சீட்டுப் பணத்துக்கு அம்மா வளையலை அடகு வைத்தார், அதை என்னிடம் சொல்லவும் இல்லை.

ஊருக்கு வந்தால் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, பிடித்தத்துக்கு முந்தின சம்பளத்தை ரூபாயில் சொல்லிப் பெருமை பேசுகிற நம்மாட்கள் சிலர் இருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் நானும் சீட்டில் சேர்ந்தேன். நீ எவ்வளவு அனுப்பலாம் என்பதை வாடகை, டிக்கெட், வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ என்று வாங்கும் வானொலிக் கட்டணம் எல்லாம் போக மூன்று மாசம் பார்த்துவிட்டுச் சொல். அதுவரை யாருக்கும் தொகை ஒப்புக்கொள்ளாதே.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். வாசலில் வரிசையாக இருந்த பெட்டிகளில் தன் பெயரைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். “ஏங்கண்ணு, எம் பேருல இருக்குதே, இந்த வீட்டுக்கு வரி நாங் கட்டோணுமா?” என்றார்.