அன்செலோட்டி பற்றி கேட்டியள், இந்தா பதில்

எங்கட பக்கத்து லீக் மட்சுகள் முடிஞ்ச கையோட பெடியள் கனபேர் கேட்டது, விளையாடினவன் எல்லாம் கோச் ஆகலாமோ எண்டு. இத்தாலி உதைபந்தாட்டக் கோச் கார்லோ அன்செலோட்டியை எடுத்துக் கதைப்பம், கேள்வியளை அனுப்புங்கோ எண்டு சொன்னனான். வந்ததில கொஞ்சத்துக்கு இதில பதில், ஒரே கேள்வியை கனபேர் கேட்டதை ஒண்டாக்கிப்போட்டன். மெஸ்ஸியோ ரொனால்டோவோ எண்டு கேட்ட ஆக்கள் கோவிக்கக்கூடாது, அந்தச் சண்டைக்கு நான் வரேல்ல.

கிளிநொச்சி: அண்ணை, உந்த மனுசன் விளையாடேக்க பெரிய ஆளோ, இல்லாட்டி கோச்சா வந்தாப் பிறகுதான் பேரோ?

பெரிய ஆள்தான், ஆனா சுவரில போஸ்டர் ஒட்டுற வகை இல்லை. 1959இல இத்தாலியில ரெஜ்ஜியோலோ எண்ட ஊரில பிறந்தவர், தகப்பன் கமக்காரன், சீஸ் செய்த குடும்பம். பார்மாவில தொடங்கி 1979இல ரோமாவுக்குப் போய், 1983இல அவையோட இத்தாலி லீக்கும் வெண்டு, பேந்து மிலான்ல 1989உம் 1990உம் ஐரோப்பியக் கப் (இப்ப சாம்பியன்ஸ் லீக் எண்டுறது). இத்தாலிக்கு 26 மட்ச். நடுவில நிண்டு பந்தைப் பறிச்சு ஒழுங்கா அடுத்தவனுக்கு குடுக்கிற வேலை, சனம் கை தட்டாத வேலை. ரெண்டு முழங்காலும் மாறி மாறிப் போனது. 1982 உலகக் கிண்ணம் அதால போச்சு. 1984 ஐரோப்பியக் கப் பைனல் ரோமான்ர சொந்த மைதானத்திலயே நடந்தது, அதுக்கும் இறங்கேலாமப் போச்சு, லிவர்பூல் பெனால்ரியில கப்பைக் கொண்டு போட்டுது.

மல்லாவி: எங்கட பள்ளிக்கூடக் கோச் ஒரு கழகத்துக்கும் விளையாடாதவர், அவர் சொல்லுறதை பெரிய பெடியள் கேக்கினமில்லை. என்ன செய்யலாம் சேர்?

அந்தப் பெடியளுக்கு அரிகோ சாக்கியைப் பற்றிச் சொல்லுங்கோ. மிலான்ல அன்செலோட்டிக்கே கோச்சா இருந்தவர், தகப்பன்ர சப்பாத்துக் கொம்பனிக்கு சப்பாத்து வித்துத் திரிஞ்ச மனுசன், தொழில்முறையா ஒரு மட்சும் விளையாடேல்ல. அவற்ற பயிற்சி ஒண்டு இருக்கு, பந்தே இல்லை. ரீமை அப்பிடியே மைதானத்தில நிப்பாட்டிப்போட்டு, பந்து இப்ப இடது மூலையில எண்டு கத்துவார், எல்லாரும் சேந்து அந்தப் பக்கம் நகரவேணும், ஒருத்தனுக்கும் மற்றவனுக்கும் இடையில உள்ள தூரம் மாறக்கூடாது, பிறகு பந்து நடுவுக்கு வந்திட்டுது எண்டுவார், திரும்பவும் எல்லாரும் நகரவேணும். குல்லிட், வான் பாஸ்டன் மாதிரி பெரிய நட்சத்திரங்களை வச்சே இதைச் செய்தவர். நாங்கள் இங்க இருவது பெடியளுக்கு ஒரு பந்துதான் எண்டு அழுறம், அந்த ஒண்டையும் ஓரமா வச்சிட்டு இதைச் செய்து பாருங்கோ, வெட்டு முடிஞ்ச வயல்லயும் செய்யலாம். 1994 உலகக் கிண்ணத்தில சாக்கி இத்தாலிக்குக் கோச், அன்செலோட்டி அவருக்கு உதவியாள். கோச் வேலையை மனுசன் அவரிட்டத்தான் பழகினது.

முள்ளியவளை: இத்தாலி நட்சத்திரம் பாஜியோவை அன்செலோட்டி வேண்டாம் எண்டு சொன்னவர் எண்டுறாங்கள், உண்மையோ?

ஓம், உண்மை. எனக்குப் பிடிச்ச கதையும் இதுதான், கொஞ்சம் நீளும்.

சாக்கியிட்ட படிச்ச 4-4-2வை, பின்னுக்கு நாலு, நடுவில நாலு, முன்னுக்கு ரெண்டு பேர் எண்ட முறையை, மனுசன் வேதம் மாதிரிப் பிடிச்சு வச்சிருந்தார். 1996இல ரெஜ்ஜியானா எண்ட கழகத்தைக் கோச்சா நிண்டு முதல் பிரிவுக்கு ஏத்திப்போட்டு பார்மாவுக்குக் கோச்சா வந்தார், அங்க சோலா எண்டு அருமையான பத்தாம் நம்பர் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால நிண்டு விளையாடுற) ஆள், அவரை இடது ஓரத்தில ஓடவிட்டார், சோலா சரிவராதெண்டு இங்கிலாந்துக் கழகம் செல்சிக்கு வெளிக்கிட்டிட்டார். அந்த சீசன் பார்மா ரெண்டாமிடம், அதால தான் செய்தது சரியெண்டு நினைச்சிருப்பார் போல. அடுத்த வருசம் ரொபேர்ட்டோ பாஜியோ வாறதா இருந்தது, கதையெல்லாம் கிட்டத்தட்ட முடிஞ்சுது, ஆனா பாஜியோ ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால நிண்டுதான் விளையாடுவன் எண்டார், இவர் என்ர முறையில அப்பிடி ஒரு இடமே இல்லை எண்டிட்டார். பாஜியோ பொலோஞ்ஞாவுக்குப் போய் அந்த சீசன் லீக்கில 22 கோல் அடிச்சார். அது பிழையான முடிவு எண்டு அன்செலோட்டியே பிறகு சொன்னவர்.

1999இல ஜுவென்டஸுக்குக் கோச்சா போனா அங்க பிரான்ஸ் நட்சத்திரம் சிடான் நிக்கிறார். சிடானை ஓரத்தில ஓடெண்டு சொல்ல ஏலுமோ? அங்கதான் மனுசன் மாறினது. சிடானுக்கு ஏத்த மாதிரி பின்னுக்கு மூண்டு பேரை வச்சு, முன்னுக்கு ரெண்டு பேருக்குப் பின்னால அவரை விட்டார். அங்க கப் ஒண்டும் பெரிசா வரேல்ல, ரெண்டு சீசனும் ரெண்டாமிடம். ஆனா பிறகு வந்த வெற்றியள் எல்லாத்துக்கும் அத்திவாரம் அந்த ரெண்டு வருசம்தான் எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன்.

பரந்தன்: எங்கட 16 வயசுப் பிரிவில ஒரு பெடியன், பாஸ் போட்டானெண்டா கண்ணில ஒத்திக்கொள்ளலாம், ஆனா ஓட்டம் காணாது. வெளியில இருத்திறாங்கள்.

இத்தாலி ஆட்டக்காரன் பிர்லோவும் அதே சாதிதான் தம்பி. சின்ன வயசில பத்தாம் நம்பர், முன்னுக்கு விளையாடினவர், வேகம் இல்லை. 2001இல பிரெஷா எண்ட கழகத்துக்குப் போகேக்க அங்க பத்தாம் நம்பரா ஏற்கனவே ஒருத்தர் நிண்டவர், ஆர் எண்டு நினைக்கிறியள், அதே பாஜியோ. அதால பிரெஷாக் கோச் மட்சோனே பிர்லோவை டிபென்சுக்கு முன்னால இறக்கினார். பிறகு பிர்லோ மிலானுக்குப் போக, அதே வருசக் கடைசியில அங்க கோச்சா வந்த அன்செலோட்டி அதைப் பிடிச்சுக்கொண்டார். அவ்வளவு கீழ நிண்டா எதிராளி ஸ்ட்ரைக்கர் கிட்ட வரமுதல் தலையைத் தூக்கிப் பாக்க நேரம் கிடைக்கும், 40 மீற்றர் பாஸ் அங்க இருந்துதான் வரும். ஆனா தனிய விடப்படாது. பிர்லோவுக்குப் பக்கத்தில கட்டூசோ எண்டு கடிச்சுக் குதறுற ஒருத்தனை வச்சவர், ஓடுறது முழுக்க அவன்ர வேலை. உங்கட ரீமில ஓடுறதுக்கு ஆள் இல்லாமலோ? அந்தப் பெடியனை கீழ இறக்கி, பக்கத்தில நல்லா ஓடுற ஒருத்தனை விடுங்கோ. ரெண்டு மட்ச் தோத்தாலும் மாத்தாதையுங்கோ.

புதுக்குடியிருப்பு: 2005 இஸ்தான்புல்ல மிலானும் லிவர்பூலும் விளையாடின சாம்பியன்ஸ் லீக் பைனல் பாத்தனீங்களோ?

பாக்காமலோ. ஜெனரேற்றர் போட்டு, நடுச்சாமத்தில. முதல் நிமிசமே மால்டினி கோல், பேந்து கிரெஸ்போ ரெண்டு, பாதி நேரத்தில மிலான் 3-0. இனி என்னத்துக்கு எண்ணெயைச் செலவழிப்பான் எண்டு எழும்பிப் போன ஆக்கள் இண்டைக்கும் அந்தக் கதையை எடுத்தா வாய் திறக்கமாட்டினம். ஆறு நிமிசத்தில லிவர்பூல் மூண்டு கோல், கடைசியில பெனால்ரியில கப். எனக்கு அதிசயம் அது இல்லை. ரெண்டு வருசத்தால 2007இல ஏதென்ஸில அன்செலோட்டி அதே லிவர்பூலை 2-1 வெண்டவர், ரெண்டு கோலும் இன்சாகி. ஆளையும் கலைக்கேல்ல, விளையாட்டு முறையையும் தூக்கி எறியேல்ல. எங்கட கழகங்களில ஒரு பைனல் தோத்தா நிர்வாகம், கோச், கோல்கீப்பர் எல்லாரும் மாறவேணும்.

ஒட்டுசுட்டான்: இவரை ஒருத்தரும் கலைச்சதில்லையோ?

எத்தினை இடம் வேணும்? செல்சியில 2010இல லீக்கும் எப்ஏ கப்பும் சேத்து எடுத்தார், லீக்கில 103 கோல், அடுத்த வருசம் ரெண்டாமிடம் வந்ததுக்கு கடைசி மட்ச் முடிஞ்ச அண்டைக்கே அனுப்பிப்போட்டினம். பயேர்ன்ல 2017இல பாரிஸிட்ட 3-0 தோத்த கையோட. நாப்போலி இன்னும் பகிடி, 2019இல 4-0 வெண்டு சாம்பியன்ஸ் லீக்கில அடுத்த சுற்றுக்குப் போன அண்டிரவே வேலை போச்சு. பேந்து எவர்ட்டன், ஒரு சீசன் பத்தாமிடம். ஆள் முடிஞ்சுது எண்டு நானும்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். 2021இல ரியல் மட்ரிட் திரும்பக் கூப்பிட்டுது, 2022, 2024 ரெண்டு சாம்பியன்ஸ் லீக். முன்னமே மிலானோட ரெண்டும் 2014இல மட்ரிட்டோட ஒண்டும் எடுத்தவர், கோச்சா மொத்தம் ஐஞ்சு, வேற ஒருத்தரிட்டயும் அவ்வளவு இல்லை. இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, ஸ்பெயின் அஞ்சு லீக்கும் வெண்ட முதல் கோச்சும் இவர்தான். 2025இல பிரேசில் நாட்டு ரீமுக்குக் கோச்சா போனவர்.

வவுனியா: மகன் டாவிடேயை உதவிக் கோச்சா கூட்டிக்கொண்டு திரிஞ்சவர், இங்க எண்டா சனம் விடுமோ?

விடாது. அங்கயும் கதைச்சவைதான். கப் வந்தாப் பிறகு ஒருத்தரும் கதைக்கேல்ல.

தருமபுரம்: அவரிட்டப் படிச்சு கோச்சா வந்த ஆக்கள் ஆரும் இருக்கினமோ?

சிடான், 2013-14 மட்ரிட்ல இவருக்கு உதவியாளா நிண்டவர், பிறகு தானே கோச்சா வந்து 2016, 2017, 2018 எண்டு தொடர்ந்து மூண்டு சாம்பியன்ஸ் லீக். மற்றது சாபி அலொன்சோ, இஸ்தான்புல்ல இவற்ற மிலானுக்கு எதிரா லிவர்பூலின்ர மூண்டாவது கோல் அடிச்சதே அவன்தான், பேந்து மட்ரிட்லயும் பயேர்ன்லயும் இவருக்குக் கீழ விளையாடி, 2025இல மட்ரிட்ல இவர் எழும்பின கதிரையில போய் இருந்தவன்.

முழங்காவில்: 24 வயசு, முழங்கால் லிகமெண்ட் கிழிஞ்சு போட்டுது. கோச் ஆகலாம் எண்டு யோசிக்கிறன், எங்க தொடங்கிறது அண்ணை?

ஆசிய உதைபந்தாட்டத்துக்கு ஏஎப்சி லைசன்ஸ் முறை இருக்கு, சியில தொடங்கி பி, ஏ, கடைசியா ப்ரோ. இலங்கைச் சம்மேளனம் சி வகுப்புகள் வைக்கிறது, உங்கட மாவட்ட லீக் ஆக்களிட்டச் சொல்லி வையுங்கோ, அறிவித்தல் அவை மூலமாத்தான் கூடுதலா வரும். வகுப்பு வருமட்டும் சும்மா இருக்காதையுங்கோ, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில 12 வயசுப் பெடியளை எடுங்கோ, பெரிய பெடியள் முதல்ல வேண்டாம், உங்கட வயசுக்காரர் உங்கட சொல்லைக் கேக்கமாட்டினம். மட்ச் பாக்கேக்க பந்துக்குப் பின்னால கண்ணை விடாம ஒரு ஆளை மட்டும் பத்து நிமிசம் பாத்து, எங்க நிக்கிறான், எப்ப நகருறான் எண்டு கொப்பியில கீறுங்கோ. முழங்காலை டொக்டரிட்டக் காட்டினனீங்களோ, இல்லாட்டி எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு இருக்கிறியளோ? அதை முதல்ல எழுதுங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.