பழைய எம்ஜிபி: பளபளப்பைப் பார்க்காதீர்கள், சில்லைப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேற்கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பல வருடம் கொட்டகையில் நின்ற வண்டியை ‘ரீகமிஷன்’ செய்து, அதாவது மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, வைத்திருக்கிறார்களாம். பெயின்ட் புதுசு, இன்ஜின் ஒரே ஸ்டார்ட்டில் கிளம்புகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், லெஸ்டர்

பதில்: இன்ஜின் கிளம்புவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த 1798 சிசி இன்ஜினுக்கு உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. பணத்தை விழுங்குவது பாடிதான். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. ரோட்ஸ்டருக்கு மேற்கூரையும் இல்லை. கதவுகளுக்கு அடியில் இரு பக்கமும் ஓடும் ‘சில்’ பெட்டிகள்தான் வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குகின்றன. அவை உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளித் தகட்டின் இரு முனைகளும் முன், பின் விங்குகளுக்கு (மட்கார்டுகளுக்கு) உள்ளே போவதால், ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்டியே ஆக வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி, பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

கண்டுபிடிக்க வழி உண்டு. துணி சுற்றிய காந்தத்தை சில்லின் மேலும், முன் சக்கரத்துக்குப் பின்னால் விங்கின் அடிப்பகுதியிலும் ஓட்டுங்கள்; பிடிக்காத இடத்தில் இருப்பது தகடு அல்ல, பட்டிப் பூச்சு. கதவின் பின் விளிம்பு இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி தொய்ந்திருக்கிறது. பிறகு, விற்பவர் அனுமதியோடு, பக்கவாட்டு ஜாக்கி பாயின்ட்டில் தூக்கிப் பாருங்கள். அந்த இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ விலை பேசவே வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் தரையில் இருக்கும் பேட்டரிப் பெட்டிகளையும் பாருங்கள். 1971 வண்டியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. அந்தத் தகடும் ஓட்டையாகும்.

அடுத்தது பில். ரீகமிஷனுக்கு இன்னதுதான் என்று வரையறை இல்லை. பேட்டரி மாற்றி, கார்புரேட்டரைத் துடைத்து விற்பவரும் அதையே சொல்வார். பிரேக்கின் முன் காலிப்பர், பின் வீல் சிலிண்டர், மூன்று பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ்கள் ஆகியவற்றுக்கு பில் கேளுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழுவினார்களா என்பதையும் விசாரியுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் நின்ற வண்டியில் பிரேக் பிஸ்டன்கள் துருவேறி இறுகும். பழைய ஹோஸ் உள்ளே வீங்கினால், மிதிக்கும்போது ஆயில் போகும், திரும்பி வராது. ஓட்டிவிட்டு இறங்கினால் ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுடும்.

வண்டியை ஆறிய நிலையில் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்; அப்போதுதான் ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று தெரியும். சூடானபின் ஓட்டத்தில் இன்ஜின் ஆயில் பிரஷர் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 வரை இருக்க வேண்டும். ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) இருந்தால் 3, 4 இரண்டு கியரிலும் விழ வேண்டும். கம்பிச் சக்கரமானால் ஒரு சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் அசையுங்கள். ‘டக்’ என்றால் சக்கரத்தை ஹப்போடு பிணைக்கும் பல்வரிசை (ஸ்ப்லைன்) தேய்ந்திருக்கிறது. டயரில் உற்பத்தி வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும். பட்டன் தேயாமலே பத்து வருடம் தாண்டிய டயர்தான் இந்த மாதிரி வண்டிகளில் அதிகம்.

கேள்வி: நாற்பது வருடம் தாண்டியதால் எம்ஓடி சோதனை (பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) தேவையில்லை என்கிறார் விற்பவர். சரியா?

பதில்: சரிதான். அந்த வயதில், கடந்த முப்பது வருடத்துக்குள் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் விலக்கு உண்டு. ஆனால் விரும்பினால் சோதனைக்கு விடலாம். “என் செலவில் ஒரு எம்ஓடி எடுப்போம்” என்று சொல்லிப் பாருங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். பதிவு எண்ணை வைத்து பழைய எம்ஓடி விவரத்தை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ‘சில் அரிப்பு’ என்று அன்று எழுதியிருந்தால், அதைச் சரிசெய்த பில் எங்கே என்று கேளுங்கள்.

கேள்வி: எந்தப் பெட்ரோல்?

பதில்: சூப்பர் கிரேடு ஈ5 (எத்தனால் 5 சதவீதம் வரை). 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் ஈ10 (எத்தனால் 10 சதவீதம் வரை). அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும், ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது; சிலிண்டர் ஹெட்டில் கடினமான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போட்டதற்கு பில் இல்லையென்றால், ஈயத்துக்கு மாற்றான திரவத்தையும் ஒவ்வொரு முறையும் டேங்கில் சேர்க்க வேண்டும்.